பம்பரக் குளவியத் தேடி டெல்டாவுல அஞ்சு நாள்

நாள் 1: கும்பகோணம், ராத்திரி

இந்த வருஷம் லீவுக்கு ஏதாவது மலைக்குப் போலாம்னுதான் பிளான், ஆனா நடந்தது வேற. என் காலேஜ் ஃப்ரெண்ட் ஒருத்தன் ஜெய்சல்மேர் பக்கம் காத்தாலை கம்பெனில வேலை பாக்குறான், அவன் போன மாசம் ஒரு போட்டோ அனுப்பினான், மணல்ல உக்காந்திருக்கற ஒரு குளவி, உடம்பு முழுக்க வெளுத்த மஞ்சள், மேல வெள்ளியா மெல்லிசு முடி, கண்ணு மட்டும் பச்சைக் கண்ணாடி மாதிரி. "நீதான் பூச்சி பூச்சின்னு அலையுறியே, இது என்னன்னு சொல்லு"ன்னு கேட்டான். நான் கொஞ்சம் கெத்தா "மணல் குளவி, பெம்பிக்ஸ்"னு சொல்லிட்டேன், உடனே "எந்த பெம்பிக்ஸ்?"னு கேட்டுட்டான். அங்கதான் மாட்டிக்கிட்டேன்.

ஏன்னா பெம்பிக்ஸ்ங்கறது ஒரு பேரினம், உலகம் பூரா 340க்கு மேல இனம் இருக்கு. அதுல சிலது வட ஆப்பிரிக்கால ஆரம்பிச்சு அரேபியா வழியா நம்ம ராஜஸ்தான் வரைக்கும் காஞ்ச நிலம் எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் பரவியிருக்கு, சிலது நம்ம ஊர் ஆத்து மணல்லயே இருக்கு. அனுப்பினவன் கடைசியா ஒண்ணு கேட்டான் பாருங்க, "இதே மாதிரி ஒண்ணு உங்க காவேரில பாத்தேன்னு சொன்னியே, அதும் இதும் ஒண்ணா?" மூணு வருஷம் முன்னாடி சித்தப்பா வீட்டுக்கு வந்தப்ப பாத்தது, ஞாபகம் இருந்துச்சு, போட்டோ இல்ல. சரி நேர்ல போயே பாத்துடுவோம்னு டிக்கெட் போட்டுட்டேன்.

சித்தப்பா ஸ்டேஷனுக்கு டிவிஎஸ் எக்ஸ்எல்ல வந்திருந்தாரு. பொதுப்பணித்துறைல லஸ்கரா இருந்து ரிட்டயர் ஆனவரு, மதகு ஷட்டர ஏத்தி இறக்குற வேலை, முப்பது வருஷம் ஆத்தையே பாத்துக்கிட்டு இருந்த மனுஷன். பேக்க வாங்கி முன்னாடி வச்சுக்கிட்டே "என்னா பாப்பா இவ்ளோ கனம், கல்லா வச்சிருக்க"ன்னாரு. வலை, லென்ஸ், கண்ணாடி குப்பி, கேமரா, அப்புறம் 1897ல பிங்காம் எழுதின இந்தியக் குளவிகள் புக்கோட பிரின்ட் அவுட். குளவி புடிக்க வந்திருக்கேன்னு சொன்னதும் வண்டிய ஒரு ஓரமா நிறுத்திட்டு திரும்பி ஒரு பார்வை பாத்தாரு. சித்திகிட்ட மட்டும் சொல்லிடாதன்னாரு. டிகிரி காபி குடிச்சுட்டு வீடு வந்து சேந்தோம், நாளைக்கு காலைல கொள்ளிடம்.

நாள் 2: கொள்ளிடம், அணைக்கரைக்கு கீழ

காவேரில இறங்கிப் பாக்கலாம்னுதான் நான் சொன்னேன், சித்தப்பா வேணாம்னுட்டாரு. அவர் சொன்ன காரணம் எந்த புக்லயும் இல்லாதது. "காவேரின்னா மேட்டூர்ல ஜூன் 12 தொறந்தா சீக்கிரமே மணலு நனைஞ்சுடும். கொள்ளிடத்துல பெருசா வராது, மேட்டூரு நெரம்பி வழிஞ்சாதான் இங்க தள்ளுவோம். பூச்சிக்கு குடியிருக்க அறிவிருந்தா கொள்ளிடத்துலதான் இருக்கும்." வெள்ளத்தை கொள்ளுற இடம்னுதானே பேரே. பூச்சிக்கு அறிவு இருக்கோ இல்லையோ, அவரு சொன்ன இடத்துலதான் இருந்துச்சு.

1836ல கட்டின கீழணையத் தாண்டி கொஞ்ச தூரம் கரையோரமா போயி, நாணல் பக்கம் வண்டிய போட்டுட்டு மணல்ல இறங்கினோம். மணி ஒன்பதரை. செருப்பு போட்டும் கால் சுட்டுச்சு. மொதல்ல ஒண்ணும் தெரியல, மணலுக்கு மேல நாலு விரக்கடை உயரத்துல ஏதோ மினுமினுன்னு குறுக்கயும் நெடுக்கயும் ஓடுது, சித்தப்பா அது கானல்னாரு. கானலுக்கு சத்தம் வராதுல்ல. உக்காந்து பாத்தா பத்து இருபது குளவி, எதும் தரையில உக்காரல, தாழ வட்டம் போட்டுக்கிட்டே இருக்கு, ரீங்காரம் மட்டும் கேக்குது. அதெல்லாம் ஆண். மண்ணுக்குள்ளேர்ந்து புதுசா வெளிய வர்ற பொண்ணுக்காக காத்திருக்கற கூட்டம், பஸ் ஸ்டாண்டுல நிக்கற பசங்க மாதிரி.

பேரு ஏன் அப்புடின்னு சித்தப்பா கேட்டாரு. பெம்பிக்ஸ்னா கிரேக்கத்துல சுத்துற பம்பரம்னு சொன்னேன். "அட, பம்பரம்னு நம்ம பேரத்தானேம்மா சொல்றாங்க"ன்னாரு. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கறதா எனக்குத் தெரியல, சத்தம் ஒத்துப்போனதோட சரின்னு நெனைக்கிறேன், ஆனா அந்த நிமிஷத்துலேர்ந்து எங்க ரெண்டு பேருக்கும் அது பம்பரக் குளவி ஆயிடுச்சு.

பத்து மணிக்கு மேல பொண்ணுங்க வந்துச்சு. ஒண்ண மட்டும் சொல்றேன், ஒரு மணி நேரம் அது பக்கத்துலயே குப்புறப் படுத்திருந்தேன், முழங்கையெல்லாம் வெந்து போச்சு. முன்னங்கால்ல வரிசையா நீள நீள முள்ளு, சீப்பு மாதிரி. அத வச்சு மணல வாரி வயித்துக்கு அடியில பின்னாடி தள்ளுது, நாய் குழி தோண்டுமே அதேதான், ஆனா மணல் ஒரே பிசிறா தொடர்ச்சியா பீச்சிக்கிட்டு வரும், வால்பக்கத்த மேல தூக்கி வழி விடுது. சாய்வா உள்ள போச்சு, ரெண்டு நிமிஷம் காணோம், அப்புறம் பின்பக்கமா வெளிய வந்து வாசல மூடிட்டு, குமிஞ்ச மணலையும் பரப்பி சமமாக்கிட்டுதான் பறந்துச்சு. எங்க இருந்துச்சுன்னு எனக்கே தெரியல. அடையாளத்துக்கு சித்தப்பா ஒரு நாணல் குச்சிய ஊனினாரு.

இருபது நிமிஷம் கழிச்சு திரும்பி வருது, நடுக்கால் ரெண்டுலயும் வயித்தோட அணைச்சு ஒரு ஈ. மாட்டு ஈ. எதிர்க்கரையில மாடு மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு, அங்கேர்ந்து கொண்டாந்திருக்கும். குச்சிய பாத்து கொஞ்சம் தடுமாறுச்சு, ரெண்டு தடவ சுத்துச்சு, அப்புறம் சரியா அந்த இடத்துல இறங்கி ஒரே இழுப்புல வாசல தொறந்து உள்ள போயிடுச்சு. பின்னாலயே சாம்பல் கலர்ல சின்ன ஈ ஒண்ணு, நூல் கட்டி இழுத்தாப்ல ஒரு ஜாண் தள்ளி தொடர்ந்து வந்துச்சு. அது திருட்டு ஈ, இரை மேல தன் குட்டிப் புழுவ போட்டுட்டுப் போயிடும், குளவிக் குஞ்சுக்கு வச்ச சாப்பாட்ட அதுங்க தின்னுடும். சித்தப்பாவுக்கு இத சொன்னதும் கோபம் வந்துடுச்சு, துண்டால விரட்டப் பாத்தாரு.

"கொட்டக் கொட்ட புழுவும் குளவியாகும்னு சொல்றாங்களே"ன்னு கேட்டாரு. புழுவ வச்சு கூடு மூடுற வேட்டுவன் குளவிய பாத்து சொன்னது அது, புழு குளவி ஆகறதில்ல, குளவி முட்டைலேர்ந்து வர்ற குஞ்சு புழுவ தின்னுட்டு வெளிய வருது. பம்பரக் குளவி இன்னும் ஒரு படி மேல. ஒரே தடவ சாப்பாட்ட அடைச்சு வச்சுட்டுப் போறதில்ல, குஞ்சு வளர வளர தினமும் புது ஈ புடிச்சுக் குடுக்கும். தனியா வாழுற குளவிங்கள்ல இது அபூர்வம். ஆஸ்திரேலியால இதே பேரினத்துல சிலது ஈய விட்டுட்டு ஊசித்தட்டான் புடிக்குதுங்க.

ராத்திரி லேப்டாப்புல பாத்தா 140 போட்டோ, அத்தனையும் முதுகு. வயிறு ஒண்ணுல கூட இல்ல. ஏன் இதுக்கு இவ்ளோ வருத்தப்படறேன்னு நாளைக்கு எழுதறேன், சித்தி லைட்ட அணைக்கச் சொல்லிட்டாங்க.

நாள் 3: தரங்கம்பாடி

இன்னிக்கு நீளமாதான் போகும், பொறுத்துக்குங்க.

முதுக பாத்து பெம்பிக்ஸ்ல இனம் சொல்றது, வேட்டி கலர பாத்து ஆள் பேரு சொல்ற மாதிரி. மஞ்சள் பட்டை எவ்ளோ அகலம், எங்க ஒடையுதுங்கறது ஒரே இனத்துக்குள்ளயே மாறும். சில இனங்கள்ல பாலைவனத்துல இருக்கறது வெளுத்து மஞ்சள் பரவி இருக்கும், ஈரமான ஊர்ல இருக்கறது கருப்பு கூடி இருக்கும், ரெண்டையும் பக்கத்துல வச்சா சொந்தம்னே சொல்ல மாட்டோம். இன்னொரு பக்கம், ஒரே மாதிரி மஞ்சளா இருக்கற ரெண்டு, உள்ள வேற வேற இனமா இருக்கும். பழைய புக்ல கலர நம்பி பேரு வச்சு அப்புறம் பின்னாடி வந்தவங்க அத சேத்துப் பிரிச்சு சேத்துன்னு படாத பாடு பட்டிருக்காங்க. குடும்பப் பேரே ரெண்டு தடவ மாறியிருக்கு, மொதல்ல ஸ்பெசிடே, அப்புறம் கிராப்ரோனிடே, 2018க்கு அப்புறம் பெம்பிசிடேன்னு தனிக் குடும்பம். ரேஷன் கார்டு பிரிக்கற மாதிரிதான்.

அப்ப எத பாக்கணும்? ஆண பாக்கணும். நடுக்கால் தொடையோட அடி விளிம்புல ரம்பப் பல்லு இருக்கா, வயித்துல ரெண்டாவது தகட்டுல கொக்கி மாதிரி முண்டு இருக்கா, ஆறாவது தகட்டுல என்ன இருக்கு, முன்னங்கால் பாதம் தட்டையா விரிஞ்சிருக்கா, உணர்கொம்போட கடைசி கணுக்கள் வளைஞ்சு குழிஞ்சு இருக்கான்னு எல்லாம் ஆண்கிட்டதான். பொண்ணுங்களுக்கு இதெல்லாம் இல்லாம ஒண்ணு போலவே இருக்கும். கீ-ல, அதாவது ஒவ்வொரு கேள்வியா கேட்டு இனத்த கண்டுபுடிக்கற பட்டியல்ல, பாதி கேள்வி ஆணப் பத்திதான், பொண்ண மட்டும் கைல வச்சுக்கிட்டு உக்காந்தா மூணாவது கேள்வியிலயே நின்னு போயிடும்.

தரங்கம்பாடிக்கு ஆண் புடிக்க மட்டும் வரல. பெம்பிக்ஸ்ங்கற பேர 1775ல வச்சவரு ஃபாப்ரிசியஸ்னு ஒரு டேனிஷ்காரர், உயிரினங்களுக்கு பேரு வைக்கற முறைய வகுத்த லின்னேயஸோட மாணவர். அதே லின்னேயஸ்கிட்ட படிச்ச இன்னொருத்தர் கோனிக், 1768ல இங்க தரங்கம்பாடிக்கு மிஷன் டாக்டரா வந்தவரு, செடியும் பூச்சியுமா சேத்து சேத்து ஐரோப்பாவுக்கு அனுப்பியிருக்காரு. ஃபாப்ரிசியஸ் எழுதின புக்ல "வாழிடம் தரங்கம்பாடி"ன்னு லத்தீன்ல அங்கங்க வரும். டேனிஷ்காரங்க கட்டின கோட்டைக்கு முன்னாடி நின்னு யோசிச்சுப் பாத்தேன், இந்தக் கரையில ஒரு பூச்சி, ஊசி குத்தி, பெட்டில போட்டு, மாசக்கணக்கா கப்பல்ல போயி, இந்த மணல கண்ணாலயே பாக்காத ஒரு ஆள் அத திருப்பிப் போட்டு வாய பாக்குறாரு. வாயத்தான் பாப்பாராம், அவரோட வகைப்பாடே பூச்சி வாய வச்சுதான். பெம்பிக்ஸுக்கு அது நல்லாவே பொருந்தும், அதோட மேலுதடு அகலத்த விட நீளமா கிளி மூக்கு மாதிரி கீழ நீண்டிருக்கும்.

கோட்டைக்கு தெக்க கொஞ்சம் தள்ளி, படகு ஏத்தி வச்சிருக்கற இடம் தாண்டி மணல் மேடு. அங்க நாலஞ்சு பறந்துச்சு. வலையில விழுந்துச்சு. இப்ப உயிரோட வயித்த பாக்கணுமே, அதுக்கு ஒரு வழி, குளுர வைக்கறது. ஐஸ்ல ரெண்டு மூணு நிமிஷம் வச்சா மயங்கின மாதிரி கிடக்கும், பாத்து முடிச்சதும் வெயில் பட்டு எழுந்து போயிடும். கொல்ல வேண்டியதில்ல. கொன்னா அந்தப் பச்சைக் கண்ணும் மங்கிப் போயிடும், சயனைடுல கொன்னா மஞ்சளே செவப்பா மாறிடும். ஐஸுக்கு எங்க போறது? மீன் கூடை வச்சிருந்த ஒரு அக்காகிட்ட கேட்டேன். "எதுக்கும்மா, மீனு வாங்கலையா"ன்னாங்க. குளவிக்குன்னு சொன்னதும் ஒரு கை நிறைய அள்ளிக் குடுத்துட்டு, சித்தப்பாவ பாத்து "பொண்ணு நல்லாதானே இருக்கு?"ன்னு கேட்டாங்க. சித்தப்பா "சென்னைல இருக்கு"ன்னாரு, அதான் விளக்கம்.

குப்பிய ஐஸ்ல புதைச்சு, மீன் வாடையோட கைல எடுத்து லென்ஸ வச்சேன். நெத்தியில மூணு சின்னக் கண்ணு வட்டமா இருக்கணும், மத்த குளவிங்கள்ல பெரும்பாலும் அப்புடித்தான். இதுக்கு முன் கண்ணு வட்டமே இல்ல, நகத்தால கீறின பிறை மாதிரி ஒரு கோடு. நம்ம ஊர்ல இந்த ஒண்ணு போதும், பெம்பிக்ஸ்னு சொல்லிடலாம். இதே மணல்ல சின்னதா இன்னொண்ணு, தத்துப்பூச்சி புடிக்கற பெம்பெசினஸ், அதுக்கு அந்தக் கண்ணு உருண்டையா இருக்கும்.

அடுத்து ஆணா பொண்ணான்னு பாக்கணும். உணர்கொம்புல கணு எண்ணணும், ஆணுக்கு 13, பொண்ணுக்கு 12. ஆணுக்கு கொடுக்கு கிடையாது. எண்ணினேன், 13. தைரியமா விரல்ல புடிச்சு திருப்பினேன்.

12 போல.

ஐஸ் வேகம் தீந்து போச்சு, கட்டவிரல்ல ஒரே குத்து. தேள் அளவுக்கெல்லாம் இல்ல, ஆனா கண்ணுல தண்ணி வந்துச்சு. சித்தப்பா வெத்தலைப் பெட்டிலேர்ந்து சுண்ணாம்ப எடுத்து தடவி விட்டு, "எண்ணத் தெரியாதவ எல்லாம் பேங்க்ல வேலை பாக்குற"ன்னாரு. அந்தப் பொண்ணு அவரு தோள் மேல ஒரு நிமிஷம் உக்காந்து வெயில் காஞ்சுட்டு போயிடுச்சு, அவர ஒண்ணும் பண்ணல.

ரெண்டாவது நிஜமாவே ஆண், ரெண்டு தடவ எண்ணினேன், சித்தப்பாவ விட்டும் எண்ண வச்சேன், கண்ணாடி போட்டுக்கிட்டு "பதிமூணு, கையெழுத்து வேணுமா"ன்னாரு. நடுத்தொடைய சாய்ச்சு வெளிச்சத்துக்கு காட்டினா, அடி விளிம்புல வரிசையா பல்லு, ஒழுங்கா இல்ல, அருவாமணை மழுங்கினா எப்புடி இருக்குமோ அப்புடி. ரெண்டாவது வயித்துத் தகட்டுல நடுவுல ஒரு முண்டு, பக்கவாட்டுல பாத்தா பின்பக்கம் வளைஞ்ச சின்ன மூக்கு. கைய ஆட்டாம 11 போட்டோ. கண்ணு முன்னாடியே கால் துடிக்க ஆரம்பிச்சுது, மீசைய ரெண்டு தடவ முன்னங்காலால கோதிக்கிச்சு, பறந்துடுச்சு.

நாள் 4: கோடியக்கரை

இன்னிக்கு பெருசா ஒண்ணும் இல்ல. வேதாரண்யம் வரைக்கும் பஸ், ரெண்டு பக்கமும் உப்பளம், வெள்ளை வெளேர்னு கண்ணு கூசுது. கோடியக்கரை 1967லேர்ந்து சரணாலயம், உள்ள வனத்துறை அனுமதி இல்லாம ஒரு எறும்பக் கூட புடிக்கக் கூடாது, அதனால வலைய வெளியவே வச்சுட்டோம். டெல்டாவுல பாலைவனத்துக்கு கொஞ்சமாவது பக்கத்துல வர்ற இடம் இதுதான்னு நெனச்சு வந்தேன். மணல் மேடு இருக்கு, காஞ்ச காடு இருக்கு, ஆனா காத்து. தென்மேற்குக் காத்து மணல வாரி மூஞ்சில அடிக்குது, பம்பரக் குளவி ஒண்ணு கூட பறக்கல. இடுப்பு நூல் மாதிரி இருக்கற அம்மோபிலாங்கற வேற குளவி ஒண்ணு புழு தேடிக்கிட்டு நடந்து போச்சு, அவ்ளோதான். வெளிமான் கூட்டம் பாத்தோம், காட்டுக்கருவை நடுவுல நின்னு எங்களையே பாத்துச்சு. வாசல்ல பாலாப்பழம் வித்தாங்க, கூறு வாங்கித் தின்னு உதடெல்லாம் பிசினா ஒட்டிக்கிச்சு. சித்தப்பா பஸ்ல தூங்கிட்டாரு. நான் பிங்காம் பிரின்ட் அவுட்ட எடுத்து வச்சுக்கிட்டு வந்தேன்.

அந்த மனுஷனப் பத்தி ஒரு வார்த்தை. ராணுவத்துல இருந்து பர்மா வனத்துறைக்குப் போனவரு, இந்தியா பர்மா இலங்கை குளவி தேனீ எல்லாத்துக்கும் ஒரே வால்யூம்ல கீ எழுதினாரு. 1897 கீ இன்னிக்கு அப்படியே நம்ப முடியாது, பேரெல்லாம் மாறிப்போச்சு, அவரு பெம்பெக்ஸ்னு எழுதுவாரு, கலர வேற நெறைய நம்புறாரு. ஆனா அதத் தொடாம இந்தியக் குளவிக்கு வேலை ஆரம்பிக்க முடியாது.

நாள் 5: திரும்பவும் கொள்ளிடம், அப்புறம் ரயில்

ரயில் சாயங்காலம்தான், அதனால காலைல மறுபடி ஆத்துக்குப் போனோம். சித்தப்பாதான் கூப்பிட்டாரு, நான் கேக்கல. நாணல் குச்சி அங்கேயே இருந்துச்சு, ராத்திரி யாரோ மாட்டு வண்டி ஓட்டிட்டுப் போன தடம் அதுக்கு ஒரு முழம் தள்ளி. அந்த முழம் இந்தப் பக்கம் வந்திருந்தா கூடு நசுங்கியிருக்கும். பத்தே காலுக்கு பொண்ணு வந்துச்சு, கைல ஈ, இந்த தடவ சின்ன ஈ. குச்சிக்கு இப்ப தடுமாறல, நேரா வந்து இறங்குச்சு. "பாத்தியா, குச்சிய மனசுல வச்சுக்கிச்சு"ன்னாரு சித்தப்பா. அவரு ஊனின குச்சிய புடுங்கிடலாமான்னு கேட்டேன், "அது அத வச்சுதான் இப்ப வீட்ட கண்டுபுடிக்குதுன்னா, புடுங்கறது பாவம்"னாரு. விட்டுட்டோம்.

இங்கயும் ஒரு ஆண புடிச்சேன், வழியில டீக்கடைல வாங்கின ஐஸ். தொடையில அதே மழுங்கின அருவாமணைப் பல்லு, வயித்துல அதே மூக்கு. ஆக கொள்ளிடத்துல இருக்கறதும் தரங்கம்பாடில இருக்கறதும் ஒண்ணுதான்னு ஓரளவு தைரியமா சொல்லலாம். ஆனா முதுகுல பாத்தா ரெண்டுக்கும் பட்டை வேற மாதிரி, கடற்கரைல இருந்தது இன்னும் வெளுப்பு. நூறு கிலோமீட்டர் கூட இல்லாத தூரத்துலயே இப்புடின்னா, ஜெய்சல்மேர் போட்டோல இருக்கற வெளுப்ப வச்சு வேற இனம்னு நான் சொல்ல மாட்டேன், ஒரே இனம்னும் சொல்ல மாட்டேன். இனப்பேர எழுதற கோட்டுல பெம்பிக்ஸ்னு போட்டு அதுக்கு பக்கத்துல காலியா விட்டிருக்கேன்.

ரயில் மாயவரம் தாண்டினதும் ஃப்ரெண்டுக்கு மெசேஜ் போட்டேன், முதுகு போட்டோ வேணாம், ஆண் புடிச்சு ஐஸ்ல வச்சு நடுத்தொடையும் வயித்தடியும் எடுத்து அனுப்புன்னு. பாலைவனத்துல ஐஸுக்கு நான் எங்கடி போவேன்னு திட்டினான். ஆபீஸ் ஃப்ரிட்ஜ்ல வைன்னேன். விழுப்புரம் வர்றப்ப ஒரு போட்டோ வந்துச்சு, டிஃபன் பாக்ஸ் மூடி மேல ஒரு வெளுத்த குளவி மல்லாக்க கிடக்கு, தொடை நல்லா தெரியுது, பல்லு ஒண்ணும் இல்லாம வழவழன்னு இருக்கு. அட, வேற இனம்தான் போலருக்கேன்னு ஒரு நிமிஷம் துள்ளிட்டேன். அப்புறம் பெருசு பண்ணி உணர்கொம்ப எண்ணினேன். மூணு தடவ.

"12தான் இருக்கு, பொண்ணு. கை வைக்காத"ன்னு டைப் பண்ணிக்கிட்டு இருக்கறப்பவே அவன்கிட்டேர்ந்து அடுத்த மெசேஜ் வந்துடுச்சு: "கடிச்சுடுச்சு. சுண்ணாம்புக்கு இங்க என்ன பண்றது?"